ஆள் நடமாட்டம் ஓயாத வளாகத்தில் கவாத்துக்கு நாள் குறிப்பது எப்படி?

பெரிய மரம் ஒன்றில் பட்டுப்போன கிளைகளைக் கழிக்க, கைதேர்ந்த குழுவுக்கு இரண்டு மணி நேரம் போதும். மரம் வெட்டவெளியில் நின்றால் என்றைக்கு வேண்டுமானாலும் வரச் சொல்லலாம். அதே மரம் வணிக வளாகத்தின் வாசலில், கார்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு மேலே கிளை பரப்பி நின்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாட்டை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டியிருக்கும். யாரிடம் சொல்வது, எந்த வழியை மூடுவது, வண்டிகளை எங்கே நிறுத்தச் சொல்வது, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும்.

வளாக நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், மரப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலைகளுக்கு நாள் ஒதுக்கும் பொறுப்பை இப்போதுதான் ஏற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளையை வெட்ட ஆகும் நேரத்தை வைத்து அட்டவணை போட்டால் அது முதல் நாளே உடைந்துவிடும். மரத்தடியை மூடியதிலிருந்து, கூட்டிப் பெருக்கித் திரும்பத் திறந்துவிடும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. கடைக்காரர், வாடிக்கையாளர், சரக்கு லாரி ஓட்டுநர் எல்லோரையும் பாதிப்பது அந்த நேரம்தான்.

மரத்தடியிலிருந்து தொடங்குங்கள்

வளாகத்தின் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லா மரங்களுக்கும் எண் போடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வகை, உத்தேச உயரம், செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றைக் குறியுங்கள். இதை எல்லோரும் செய்வார்கள். பலரும் விட்டுவிடுவது அடுத்த கேள்வியை: மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

கிளைகள் பரவியிருக்கும் எல்லைக்குள் வரும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பார்க்கிங் கட்டங்கள் எத்தனை, நடைபாதை எந்த வாசலுக்குப் போகிறது, தீயணைப்பு வண்டி வரும் பாதை குறுக்கிடுகிறதா, சரக்கு இறக்கும் மேடை பக்கத்தில் இருக்கிறதா, விளக்குக் கம்பம், கண்காணிப்பு கேமரா, பெயர்ப்பலகை, மின்கம்பி. மண்ணுக்கு அடியில் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். அடித்தளப் பார்க்கிங்கின் கூரைமேல் மண் போட்டு நட்ட மரமா? புல்தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா? கனமான வண்டி அதன்மேல் ஏறினால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

இன்னொரு பொருளைத் தனியாகச் சொல்கிறேன்: கட்டடத்தின் ஏசிக்கு வெளிக்காற்றை உறிஞ்சும் திறப்பு. பெரும்பாலும் அது சுவரில் ஒரு பட்டைத் தடுப்புப் பெட்டியாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கும். கிளைகளை அரைத்துத் தூளாக்கும் சிப்பர் இயந்திரத்தை அதன் பக்கத்தில் நிறுத்தினால், டீசல் புகை நேராக உள்ளே போகும். பத்து நிமிடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து போன் வரும். சில கட்டடங்களில் புகை உணரும் கருவி அலறி, மொத்தப் பேரும் படியிறங்கி வெளியே வந்து நிற்பார்கள். வரைபடத்தில் அந்தத் திறப்பைச் சிவப்பில் வட்டமிட்டு, சிப்பர் நிற்க வேண்டிய இடத்தை அதற்கு எதிர்ப்பக்கத்தில், காற்று அடிக்கும் திசையையும் பார்த்து, முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

ஒரே முறை போய்ப் பார்த்தால் போதாது. காலையில் கடை திறக்கும் முன், நண்பகல், மாலை என மூன்று வேளையும் போய் நில்லுங்கள். காலை ஏழு மணிக்குக் காலியாகக் கிடக்கும் பின்பக்கச் சந்தில் எட்டு மணிக்குச் சரக்கு லாரிகள் வரிசை கட்டலாம். இதை வரைபடம் சொல்லாது. வாசலில் நிற்கும் காவலாளியிடம் கேளுங்கள். எந்த வண்டி எப்போது வரும், யார் காரை எங்கே விடுவார் என்று அவருக்குத்தான் தெரியும்.

எது அவசரம், எது காத்திருக்கும்

எண் போட்ட மரங்களை மூன்று கூறாகப் பிரியுங்கள்: இன்றே, இந்தப் பருவத்தில், அடுத்த முறை.

முறிந்து மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கிளை, நடுவே பிளந்த கவை, திடீரென்று சாய்ந்து ஒரு பக்கம் மண் மேலெழும்பிய மரம் ஆகியவை முதல் கூறு. இவற்றுக்கு அட்டவணை கிடையாது. குழு வந்து சேரும் வரை மரத்தடியை உடனே மூடிவிட வேண்டும், அது பிரதான வாசலாக இருந்தாலும் சரி. தூரில் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கக்கூடும் என்பதால், வெட்டும் குழுவை அழைக்கும் முன் மரத்தை ஆய்வு செய்யத் தெரிந்தவரை அழையுங்கள்.

மற்றவற்றை வரிசைப்படுத்தும்போது மரத்தின் நிலையை மட்டும் பார்க்காதீர்கள். உடைய எவ்வளவு வாய்ப்பு, உடைந்தால் யார் மேலாவது எதன் மேலாவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் விளைவு என்ன என்ற மூன்றையும் சேர்த்துத்தான் தொழில் தெரிந்தவர்கள் ஆபத்தை அளப்பார்கள். பின்புறத் தோட்டத்தில் நிற்கும் முழுதும் பட்ட மரத்தைவிட, பேருந்துக்காக ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரே ஒரு காய்ந்த கிளை முந்தலாம். கிளையின் எடையைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு ஒரு கணக்கு: பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். 30 சென்டிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள கிளைத்துண்டு சுமார் 200 கிலோ.

பருவமும் விற்பனைக் காலமும்

காய்ந்த கிளைகளை ஆண்டின் எந்த மாதத்திலும் எடுக்கலாம். பச்சைக் கிளைகளுக்கு அப்படி இல்லை. இலையுதிர்க்கும் மரங்களை இலை இல்லாத காலத்தில் கவாத்து செய்தால் கிளையமைப்பு தெளிவாகத் தெரியும், அள்ள வேண்டிய குப்பையும் குறையும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் பல நாடுகளில் சட்டமே குறுக்கே நிற்கும். சட்டம் இல்லாத இடத்திலும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுவதுதான் முறை. சில மரங்களுக்கு நோய்க்காலம் உண்டு. வட அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில், வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் ஓக் மரங்களில் கத்தி வைக்க மாட்டார்கள். புதிய வெட்டுக்காயத்தைத் தேடி வரும் வண்டுகள் நோயைக் கொண்டுவந்துவிடும். செர்ரி, பிளம் இனங்களுக்கு நேர்மாறு: குளிர்காலத்தில் வெட்டினால் வெள்ளியிலை நோய் பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பதால் கோடையில் வெட்டுவார்கள்.

வெட்டுவாயில் பெயின்ட் பூச அட்டவணையில் நேரம் ஒதுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று காட்டினார். 1977ல் அதை ஒரு மாதிரியாகவே வகுத்து வெளியிட்டார். பெயின்ட் அந்தச் சுவருக்கு உதவுவதில்லை. ஓக் வாடல் போல வண்டு பரப்பும் நோய் உள்ள இடங்களில் மட்டும் பூசுவதற்குக் காரணம் உண்டு. மற்றபடி, கிளை அடிமரத்தோடு சேரும் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டினாரா என்று பாருங்கள். மரம் பிழைப்பது அதில்தான் இருக்கிறது.

ஒரே ஆண்டில் ஒரு மரத்தின் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பரவலான விதி. வயதான மரத்துக்கு அதுவும் அதிகம். எனவே கடையின் பெயர்ப்பலகை தெரியவேண்டும், சரக்கு லாரி போக வழி உயரவேண்டும் என்று பெரிதாகக் குறைக்க வேண்டியிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் திட்டமிடுங்கள். ‘ஒரே தடவையில் மொட்டையடித்துவிட்டால் செலவு மிச்சம்’ என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மொட்டையடித்த மரம் பலவீனமான தளிர்களைக் கொத்துக்கொத்தாக விடும். சில ஆண்டுகளில் அவையே பெருத்து உடையும், பழைய செலவைவிடப் பெரிய செலவு வரும்.

அடுத்தது வளாகத்தின் பருவம். பெரிய விற்பனைக் காலத்துக்கு நான்கைந்து வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அலங்கார விளக்குகளை மரத்தில் சுற்றிய பிறகு கவாத்துக்கு ஆள் அனுப்பினால் இரண்டு வேலையும் கெடும். புயல், பெருங்காற்றுக் காலத்துக்கு முன்பும் அதேபோல முடித்திருக்க வேண்டும். காற்று தொடங்கிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், நல்ல குழு கிடைக்காது.

எந்த நாள், எந்த வேளை

எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் ‘ஞாயிறு காலை’ என்று ஒன்று கிடையாது. இடத்துக்கு இடம் மாறும்.

அலுவலக வளாகம் இருப்பதிலேயே எளிது. வார இறுதியில் பார்க்கிங் காலி. சத்தத்தால் தொல்லைப்பட யாரும் இல்லை. ஆனால் அன்றைக்கு மின்தூக்கிப் பழுதுபார்ப்பு, கண்ணாடி துடைப்பு என்று வேறு ஒப்பந்தக்காரர்களும் அதே நாளைக் குறித்து வைத்திருப்பார்கள். கண்ணாடி துடைப்பவரின் தொங்கு மேடையும் உங்கள் கிரேனும் ஒரே மூலையில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகள் நிறைந்த வளாகத்தில் வார இறுதி ஆகவே ஆகாது. வார நாட்களில், கடை திறக்கும் முன் விடிந்ததும் தொடங்கி, கூட்டம் சேரும் முன் வாசலோர மரங்களை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு அதே குழு பின்பக்கத்துக்கு நகரலாம். உணவகம் இருந்தால் தனிக் கவனம் தேவை: வெளியே மேசை போடும் நேரம் என்ன, சமையலறைக்குக் காய்கறி வரும் நேரம் என்ன என்று கேட்டு இரண்டுக்கும் நடுவில் நுழையுங்கள். மரத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் போகும்.

தங்கும் விடுதியில் காலை நேரமே கூடாது. முந்தைய நாள் விருந்தாளிகள் அறையைக் காலி செய்து புதியவர்கள் வந்து சேரும் முன் உள்ள நண்பகல் இடைவெளிதான் உங்களுக்குக் கிடைப்பது. செயின் சா, சிப்பர் இரண்டுமே பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபலைத் தாண்டி ஒலிக்கும். தூங்குகிறவர் ஜன்னலுக்குக் கீழே அதை ஓட்ட முடியாது. தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் ஷிப்ட் மாறும் அரைமணி நேரத்தைத் தவிர்த்தால் போதும். பள்ளி, கல்லூரி என்றால் விடுமுறை. அங்கே தேர்வு நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கு மூடும் நேரமே இல்லை. அங்கே நேரத்தைத் தேடாமல் வழியைத் தேட வேண்டும். அவசரப் பிரிவுக்குப் போகும் பாதையை எந்த நிலையிலும் முழுதாக மூடக் கூடாது. கிளை குறுக்கே கிடந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் வழி விட முடிகிற மாதிரி சிறு துண்டுகளாக மட்டுமே இறக்க வேண்டும். வாசலில் ஒருவர் வாக்கி டாக்கியோடு நின்று, ஆம்புலன்ஸ் வருவதை மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் நேரத்தை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

‘இரவில் செய்துவிடலாமே’ என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். என் கருத்து: தவிர்க்க முடியாத சாலையோர வேலையைத் தவிர, வேண்டாம். விளக்கு எவ்வளவு போட்டாலும் கிளைகளுக்குள் நிழல் விழும். ஏறுபவர் தன் கயிற்றையும் காய்ந்த கிளையையும் பிரித்தறியத் திணறுவார். இரவுச் சத்தத்துக்கு நகராட்சிகள் கட்டுப்பாடு வைத்திருப்பதும் வழக்கம். விடியற்காலை வெளிச்சம் வந்ததும் தொடங்குவதே இரவுக்கும் பகல் கூட்டத்துக்கும் நடுவிலான வழி.

மூடியிருக்கும் நேரத்தைக் கணக்கிடுதல்

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். தடுப்புகளை வைத்து, மரத்தடியைக் காலி செய்து, வண்டிகளை நிலைநிறுத்தி, குழு கூடி அன்றைய ஆபத்துகளைப் பேசி முடிக்க முக்கால் மணி. வெட்டு இரண்டு மணி. கிளைகளை இழுத்து அரைத்து, தடித்த துண்டுகளை ஏற்ற ஒன்றரை மணி. பெருக்கி, ஊதி, வடிகால் மூடிகளில் அடைத்த இலையை எடுத்து, தடுப்புகளை அகற்ற அரைமணி. ஆக, இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் மூடிக் கிடக்கும். இந்த எண்கள் மரத்துக்கு மரம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

எங்கே நேரம் போகிறது என்று கவனியுங்கள். மேலே இருப்பவர் வேகமாக வெட்டித் தள்ளலாம். கீழே இருப்பவர்கள் இழுத்துத் தீர்த்தால்தான் அடுத்த கிளைக்கு இடம் கிடைக்கும். கீழே ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் மொத்த நேரம் குறைவதை நீங்களே பார்க்கலாம். இன்னொன்று, தூள் ஏற்றும் லாரி. நண்பகலில் லாரி நிரம்பி, கொட்டிவிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும் தொலைவில் கிடங்கு இருந்தால், அந்த நேரம் முழுக்கக் கிளைகள் பார்க்கிங்கில் குவிந்து கிடக்கும், இடமும் மூடியே கிடக்கும். ஒப்பந்தக்காரரிடம் ‘லாரி ஒரு நாளைக்கு எத்தனை நடை, எங்கே கொட்டுவீர்கள்’ என்று கேட்கத் தயங்காதீர்கள். மரத்தூளை வளாகத்தின் பாத்திகளிலேயே மூடாக்காகப் பரப்பச் சொன்னால் ஒரு நடை மிச்சம், மண்ணுக்கும் நல்லது. நோய்பட்ட மரத்தின் தூளை மட்டும் வெளியே அனுப்பிவிடுங்கள்.

அடிக்கட்டையை அரைத்தெடுக்கும் வேலையை அதே நாளில் சேர்க்காதீர்கள். அதற்கு வேறு இயந்திரம், வேறு தூசி, வேறு அனுமதி. நிலத்தடியில் மின்கேபிளோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று சம்பந்தப்பட்ட துறையினர் வந்து அடையாளமிட்ட பிறகே அங்கே இயந்திரத்தின் பல்லை வைக்க வேண்டும். அவர்கள் வரச் சில நாட்கள் பிடிக்கும்.

வளாகத்தைத் துண்டு போடுதல்

முழு வளாகத்தையும் ஒரே நாளில் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அரை நாளில் மூடி, முடித்து, திறக்கக்கூடிய பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு பகுதி திறந்தால்தான் அடுத்த பகுதி மூடப்படும் என்பதை விதியாக வையுங்கள். இரண்டு வாசல் இருந்தால் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக; ஒரே வாசல் இருந்தால் பாதிப் பாதையாக, இரு முனையிலும் கொடி பிடித்து வழிவிடும் ஆளோடு.

மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங், சரிவுப் பாதை ஆகியவை மூடும் பகுதிக்குள் வந்தால், அவற்றுக்கு ஈடாக வாசலுக்கு அருகிலேயே வேறிடத்தை ஒதுக்கி, பலகை வைத்த பிறகே மூடுங்கள். அவசரகால வெளியேறும் கதவின் முன்னால் கிளையைக் குவிப்பது பெருந்தவறு. உள்ளிருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

முழு மரத்தையும் ஒரே சாய்ப்பாகச் சாய்க்க வேண்டுமென்றால் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு யாரும் இருக்கக் கூடாது என்பது நடைமுறை. 15 மீட்டர் மரத்துக்குச் சுற்றிலும் 30 மீட்டர் தூரத்துக்குக் காலியிடம் எந்த வளாகத்தில் கிடைக்கும்? அதனால்தான் துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் இறக்குகிறார்கள். மூடும் இடம் சிறுக்கும், நேரம் கூடும். இந்தக் கொடுக்கல்வாங்கலைக் குழுத் தலைவரோடு உட்கார்ந்து மரவாரியாக முடிவு செய்யுங்கள்.

கிரேனும் கூடை வண்டியும்

கட்டடத்துக்கும் மரத்துக்கும் இடையே இடமில்லாதபோது கிரேன் பெரிய உதவி. மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடிக்கவும் கூடும். ஆனால் அது நிற்கும் தரை தாங்க வேண்டும். கிரேனின் கை ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது மொத்தப் பளுவின் பெரும்பங்கு அந்த மூலையில் ஊன்றிய ஒரே காலில் இறங்கும். கீழே அடித்தளப் பார்க்கிங்கோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் கொடுக்காமல் கிரேனை உள்ளே விடாதீர்கள். கால்களுக்கு அடியில் பலகை விரிப்பு கட்டாயம்.

காற்றும் கணக்கு. ஆளை ஏற்றும் கூடை வண்டிகளில் வெளிப்புற வேலைக்கான உச்சவரம்பு பொதுவாக வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். இலை அடர்ந்த கிளையைத் தூக்கும் கிரேனுக்கு அதைவிடக் குறைந்த காற்றே ஆபத்து. கிரேன் பதிவு செய்யும் நாளிலேயே மாற்றுத் தேதியையும் பதிவு செய்துவிடுங்கள், காற்றால் ரத்தானால் கட்டணம் என்ன என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அனுமதிகள்

மரம் வெட்டவும் கவாத்து செய்யவும் உள்ளாட்சி அனுமதி வேண்டுமா, பாதுகாக்கப்பட்ட மரப் பட்டியலில் அது இருக்கிறதா, நடைபாதை பொதுச்சாலையைச் சேர்ந்ததா என்று முதலில் விசாரியுங்கள். இதில் எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே தேதி குறிக்கும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் சாதாரணக் குழு போகவே கூடாது. கம்பியில் மின்னழுத்தம் ஏற ஏற அந்த இடைவெளியும் கூடும். மின்துறையிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தால், அந்த நிறுத்தத்தைச் சுற்றித்தான் மற்ற எல்லாமே சுழலும்.

வேலை உத்தரவில் எந்தத் தரத்தின்படி வெட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அமெரிக்காவில் ஏ300, பிரிட்டனில் பிஎஸ் 3998 என்று தரநூல்கள் இருக்கின்றன. காப்பீட்டுச் சான்றிதழின் கடைசித் தேதி, வேலை முடியும் தேதிக்குப் பிந்தியதா என்றும் பாருங்கள்.

சொல்லிவைப்பதும், நிற்கும் கார்களும்

அட்டவணையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மழையோ இயந்திரமோ இல்லை. மரத்துக்கு நேர் கீழே நிற்கும் ஒரே ஒரு கார். உரிமையாளர் யாரென்று தெரியாது, நான்கு பேர் கொண்ட குழு கை கட்டி நிற்கும், மணி ஓடும்.

இரண்டு வாரம் முன்பு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். மூன்று நாள் முன்பு தேதி, நேரம், மூடும் பகுதி மூன்றையும் வரைபடத்தோடு நினைவூட்டுங்கள். அறிவிப்பில் ‘பராமரிப்புப் பணி நடைபெறும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ‘செவ்வாய்க்கிழமை காலை 6 முதல் 11 வரை, வடக்கு வாசல் ஓரமுள்ள 14 முதல் 27 வரையிலான கட்டங்களில் வண்டி நிறுத்த வேண்டாம். மேலே கிளை வெட்டுகிறோம். தெற்குப் பக்கம் நிறுத்தலாம்’ என்று எழுதுங்கள். எங்கே நிறுத்தக் கூடாது என்பதோடு எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொன்னால்தான் ஆட்கள் கேட்பார்கள்.

முந்தின இரவே கடைசிக் கார் கிளம்பக் கிளம்ப, அந்தக் கட்டத்தில் கூம்பை வைத்துவிட வேண்டும். காலை ஆறு மணிக்குக் கூம்போடு போனால் ஐந்தரைக்கு வந்த ஊழியரின் கார் அங்கே நிற்கும். இதற்குக் காவலாளியின் ஒத்துழைப்பு வேண்டும். கூம்புகளை முந்தின மாலையே அவரிடம் ஒப்படைத்து, எந்தக் கட்டங்கள் என்று நேரில் காட்டுங்கள். அப்படியும் ஒரு கார் நின்றுவிட்டால், அந்த மரத்தை விட்டு அடுத்ததற்குப் போகும்படி மாற்று வரிசை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். காரின் மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டு வெட்டுவது தீர்வாகாது. 200 கிலோ கிளைக்குத் தார்ப்பாய் ஒரு பொருட்டே இல்லை.

வேலை நாளன்று

குழு வந்ததும் தலைவரோடு ஒரு சுற்று நடந்துவிடுங்கள். மூடும் எல்லை, சிப்பர் நிற்கும் இடம், ஆம்புலன்ஸ் வரும் வழி மூன்றையும் கைகாட்டி உறுதி செய்யுங்கள். மேலே ஏறுபவருக்கு ஏதாவது நேர்ந்தால் ஏறி இறக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் குழுவில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்று வேலையைத் தொடங்க விடாதீர்கள். கடுமையாகத் தோன்றலாம்; ஆனால் உயரத்தில் கயிற்றில் தொங்குபவருக்கு, கீழிருந்து வரும் உதவி பெரும்பாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

கிளையை விடும் முன் மேலிருந்து குரல் வரும், கீழிருந்து பதில் குரல் போக வேண்டும், பதில் வராமல் கிளை விழக் கூடாது. இந்த ஒழுங்கு குழுவில் இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடம் நின்று கவனித்தால் தெரிந்துவிடும். தடுப்பைத் தாண்டி யாராவது நுழைந்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே ரிப்பனுக்கு அடியில் குனிந்து வருபவர்கள் எல்லா வளாகத்திலும் உண்டு. ரிப்பன் மட்டும் கட்டி நம்பாமல், நடைபாதை முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். காற்று, மின்னல், குளவிக்கூடு, மரத்துக்குள் எதிர்பாராத பொந்து, எதுவானாலும் குழுத் தலைவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான். கடைசி ஒரு கிளைதானே என்று வளாகத் தரப்பிலிருந்து யாரும் வற்புறுத்தக் கூடாது.

திறந்துவிடும் முன்

எல்லோரும் தரையைப் பெருக்குவார்கள். நீங்கள் மேலே பாருங்கள்: வெட்டிய துண்டு ஏதாவது வேறு கிளையில் சிக்கித் தொங்குகிறதா? பிறகு கூரை வடிகால், முகப்புப் பந்தல், விளக்கு மூடி, கேமரா. கேமரா திரும்பியிருந்தால் காவல் அறையில் படம் சரியாக வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குழுவை அனுப்ப வேண்டும்.

கடைசியாக, அந்த மரத்தின் எண்ணுக்கு எதிரே உண்மையில் எத்தனை மணிக்கு மூடினோம், எத்தனை மணிக்குத் திறந்தோம், எதனால் தாமதம் என்று எழுதி, முன்பும் பின்பும் எடுத்த படங்களைச் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை நாள் குறிக்கும்போது ஒப்பந்தக்காரர் சொல்லும் உத்தேச நேரத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். அடுத்த ஆய்வுக்கான மாதத்தையும், பருவம் மாற்றிப் பார்க்கும்படி, அதே தாளில் குறித்துவிடுங்கள். இந்த முறை இலையோடு பார்த்த மரத்தை அடுத்த முறை இலை உதிர்ந்த நிலையில் பார்த்தால், மறைந்திருந்த பட்ட கிளைகள் கண்ணில் படும்.